ஃபோர்ட் வொர்த்தில் ஒரு வார இறுதி: மேடையில் குழு வாசிக்கும்போது எங்கள் வரிசை நடனம் ஏன் குலைந்தது?

வடக்கு டல்லாஸ் வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு பிற்பகல் வரை டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரின் பழைய மாட்டுச் சந்தையான ஸ்டாக்யார்ட்ஸ் பகுதியில் நானும் என் தங்கையும் தங்கி, நேரடிக் கண்ட்ரி இசையைக் கேட்டோம். கேட்டதோடு நில்லாமல் ஆடவும் செய்தோம். இங்கே பலர் லைன் டான்ஸ் என்றே எழுதும் வரிசை நடனத்தை நாங்கள் இருவரும் நான்கு மாதங்களாக ஒரு வகுப்பில் கற்றுவருகிறோம். ஒன்பது நடனங்கள் கைவசம் இருந்ததால், ஓரளவு துணிவோடுதான் போனோம்.

பகலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்கல் பாவிய எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் காலை 11.30 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நீண்ட கொம்புடைய டெக்சஸ் மாடுகளை ஓட்டிச் செல்கிறார்கள். 1999 முதல் நடந்துவரும் இந்தக் காட்சியைக் குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம். நாங்கள் போனது இரவுகளுக்காக.

வெள்ளி இரவு நாங்கள் சென்ற அரங்கில், குழுவின் இடைவேளைகளில் ஒலிப்பதிவுகளைப் போட்டார்கள். அப்போது எங்கள் நடனம் பிசகில்லாமல் அமைந்தது. மறுநாள் இரவு, நாங்கள் மிக நன்றாக ஆடும் ஒரு நடனத்துக்குரிய பாடலையே மேடையில் ஒரு குழு வாசித்தது. மகிழ்ச்சியோடு தளத்துக்கு ஓடினோம். முதல் இரண்டு சுற்றுகள் சரியாக வந்தன. மூன்றாம் சுற்றில், வழக்கமாகப் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கும் இடத்தில், எங்களில் சிலர் தொடங்கினார்கள்; சிலர் தொடரவே செய்தார்கள். பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தவர் தன் தனிவாசிப்பை நீட்டிக்கொண்டே போக, இருபது பேர் கொண்ட வரிசை ஆளுக்கொரு திசையில் நின்றது. வெளியேற முயன்ற என் தங்கை, தளத்தின் ஓரமாக ஆடிவந்த முதிய தம்பதியர் மீது மோதிவிட்டாள். அவர்கள் கோபிக்கவில்லை, அவள் கையைப் பிடித்து மெதுவாக ஓரத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கனிவுதான் எங்களை அதிகம் வெட்கப்பட வைத்தது.

என் ஐயம் இதுதான். பாடல் அதே பாடல், வேகமும் ஏறத்தாழ அதுவே. பிறகு ஏன் நடனம் பொருந்தவில்லை? பிழை எங்களுடையதா, கற்ற முறையினுடையதா, அல்லது நேரடி இசைக்கு வரிசை நடனமே பொருந்தாதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எட்டெண்ணிக்கை

வணக்கம் சகோதரி. பதினோரு ஆண்டுகளாக ஆடிவருகிறேன்; நீங்கள் சொன்னது எனக்கும் நேர்ந்திருக்கிறது. உங்கள் காலில் பிழை இல்லை. நீங்கள் கற்ற நடனம் அந்தப் பாடலுக்காக அமைக்கப்பட்டதன்று. அந்தப் பாடலின் ஓர் ஒலிப்பதிவுக்காக அமைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை வகுப்புகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்று வெளிவரும் நடனங்களில் பெரும்பாலானவை ஒரு சுற்றுக்கு 32 அல்லது 64 எண்ணிக்கை (தாள அடி) கொண்டவை. நடனத்தை அமைப்பவர் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பல்லவி எங்கே வருகிறது, எந்த இடத்தில் நான்கு அடி கூடுதலாக இருக்கிறது, எங்கே குரல் எதிர்பாராமல் முன்னதாக நுழைகிறது என்று குறித்துக்கொள்கிறார். கூடுதல் அடி வரும் இடத்தில் சில அசைவுகளைச் சேர்ப்பார். அதற்கு டேக் என்று பெயர். இசை முன்னதாகத் திரும்பும் இடத்தில் நடனத்தைப் பாதியில் வெட்டி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார், அது ரீஸ்டார்ட். மூன்றாம் சுற்றில் நீங்கள் தடுமாறிய இடம் ரீஸ்டார்ட்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பதிவில் அந்த வெட்டு என்றும் அதே இடத்தில் இருக்கும். மேடையில் இருக்கும் குழுவுக்கோ அந்த வெட்டு நினைவில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஃபிடில் (வயலின்) வாசிப்பவருக்கு அன்று கை நன்றாக ஓடினால், தலைமைப் பாடகர் தலையசைப்பார். இன்னொரு சுற்று போகும். அதுதானே நேரடி இசை!

ஆகவே நேரடிக் குழு வாசிக்கும் இரவுகளில் நான் பழைய நடனங்களையே ஆடுகிறேன். எலக்ட்ரிக் ஸ்லைடு 18 எண்ணிக்கை, கவ்பாய் பூகி 24, டஷ் புஷ் 40. இவற்றில் டேக்கும் இல்லை, ரீஸ்டார்ட்டும் இல்லை. இசை எத்தனை சுற்று நீண்டாலும் சுருங்கினாலும் இவை ஓடிக்கொண்டே இருக்கும். இவை எளியவை, தொடக்கநிலை மாணவர்களுக்கு உரியவை என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒதுக்கல் தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு பதிவோடு மட்டும் கட்டப்படாமல் எந்தக் குழுவோடும் சேர்ந்து நடக்கக்கூடிய நடனம் குறைந்த நடனம் ஆகாது.

மிருதங்க மாணவன், ஹூஸ்டன்

மேலே நண்பர் தந்த எண்களைப் பார்த்தவுடன் தாளம் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தாளம் பயின்றவர்களுக்கு இது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

கண்ட்ரி பாடல்களில் பெரும்பாலானவை நான்கு நான்காக எண்ணப்படுகின்றன. இரண்டு நான்கைச் சேர்த்தால் நம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட ஒரு முழுத் தாளச்சுற்று. 32 எண்ணிக்கை நடனம் என்றால் சரியாக நான்கு ஆவர்த்தனம். இசையும் பெரும்பாலும் அதே அளவில் பத்தி பிரிவதால், நடனமும் பாடலும் ஒரே இடத்தில் எடுத்து ஒரே இடத்தில் முடியும். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் அது அழகு. ஆனால் பாடல் ஓர் இடத்தில் பிசகினால் அந்தப் பிசகு உடனே கண்ணில் படும். அதனால்தான் ரீஸ்டார்ட் தேவைப்படுகிறது.

எலக்ட்ரிக் ஸ்லைடின் கணக்கு வேறு. வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் நான்கு, பின்னால் நான்கு, முன்னும் பின்னும் சாய்ந்து நான்கு, திரும்புவதற்கு இரண்டு, ஆக 18. அதாவது இரண்டு ஆவர்த்தனமும் இரண்டு அடியும். முதல் சுற்று சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் அடியில்) எடுத்தால், இரண்டாம் சுற்று இரண்டு அடி தள்ளி எடுக்கும். மூன்றாவது நான்கு அடி தள்ளி, நான்காவது ஆறு அடி தள்ளி எடுக்கும். நான்கு சுற்று முடியும்போது 72 எண்ணிக்கை. அது சரியாக ஒன்பது ஆவர்த்தனம். ஒவ்வொரு சுற்றுக்கும் கால்பங்கு வட்டம் திரும்புவதால், ஆடுபவர் நான்கு சுவர்களையும் பார்த்துவிட்டு மேடையை நோக்கித் திரும்பும் அதே கணத்தில் அடி சமத்துக்கு வந்துவிடுகிறது. வழக்கமான கண்ட்ரி இரவில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உடல் அதை உணர்ந்துகொள்கிறது. மேடையை நோக்கித் திரும்பும்போது ஏதோ ஒன்று சரியாகப் பொருந்துவதுபோல் தோன்றுமே, அது இதனால்தான்.

நடனம் இசையின் பத்திகளோடு ஒட்டாமல் அதன் மேல் மிதந்து செல்வதால், குழு எங்கே நீட்டினாலும் இதற்குப் பாதிப்பில்லை. பன்னிரண்டு பாத (பாதத்துக்கு நான்கு அடி) ப்ளூஸ் அமைப்பில் உள்ள பாடலுக்கு ஒரு சுற்று 48 அடி. அதில் 24 எண்ணிக்கை கொண்ட கவ்பாய் பூகி சரியாக இரண்டு முறை அடங்கும். அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

பழைய அரங்கு ரசிகர், ஆஸ்டின்

மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய அனுமதியுங்கள். இந்த விளக்கங்களைப் படித்தபின்னும், நேரடிக் குழு வாசிக்கும்போது வரிசை நடனம் ஆடுவது டெக்சஸ் மரபுக்குப் புறம்பானது என்ற என் எண்ணம் மாறவில்லை.

இங்குள்ள நடன அரங்குகளைக் கட்டியவர்கள் ஜெர்மன், செக் குடியேறிகள். நியூ ப்ரௌன்ஃபெல்ஸ் அருகே 1878-இல் கட்டப்பட்ட க்ரீன் ஹால் இன்றும் அதே மரத்தளத்தோடு நிற்கிறது. குளிர்சாதன வசதி கிடையாது, பக்கவாட்டுத் தட்டிகளைத் திறந்தால் வரும் காற்றுதான். கண்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பெயர் பெறுவதற்கு முன் வாசித்துப் பழகிய மேடைகளுள் அதுவும் ஒன்று. ஆஸ்டினில் 1964 முதல் இயங்கும் ப்ரோக்கன் ஸ்போக் அரங்கும் அத்தகைய ஒரு மேடையே. இந்த அரங்குகளில் வளர்ந்தவை போல்கா, ஷாட்டிஷ், வால்ட்ஸ், டூ-ஸ்டெப் ஆகிய இணை நடனங்கள். டூ-ஸ்டெப் ஆடும் இணைகள் தளத்தின் விளிம்பை ஒட்டி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றிவருவார்கள். ஃபோர்ட் வொர்த்தையே எடுத்துக்கொண்டால், வெஸ்டர்ன் ஸ்விங் என்ற இசை 1930-களில் அங்கேயே உருவானது. பாப் வில்ஸும் மில்டன் ப்ரவுனும் இருந்த லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ் குழு அந்நகரத்தது. அந்த இசை இணைகள் ஆடுவதற்காக வாசிக்கப்பட்ட இசை.

இணையாக ஆடும்போது ஒருவர் மற்றவரைக் கேட்கிறார். இருவரும் சேர்ந்து குழுவைக் கேட்கிறார்கள். வரிசை நடனத்தில் மனத்துக்குள் ஓடுவது எண்ணிக்கை மட்டுமே. உங்கள் தங்கை மோதியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை சகோதரி; அந்த முதியவர்கள் எந்த மரபில் வந்தவர்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

வடக்கு டல்லாஸ் வாசி

மூவருக்கும் நன்றி. ரீஸ்டார்ட் பற்றிய விளக்கத்தைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். நாங்கள் தடுமாறிய இடம் துல்லியமாக அதுதான். ஆஸ்டின் ஐயா சொன்ன கடிகாரத்துக்கு எதிர்த்திசைச் சுற்று எங்கள் வகுப்பில் சொல்லித் தரப்படவே இல்லை. அது ஒரு பாதை என்பதே எங்களுக்குத் தெரியாது.

எட்டெண்ணிக்கை

ஆஸ்டின் நண்பர் சொன்ன அரங்குகளின் வரலாறு முழுக்க உண்மை. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மரபு என்ற சொல்லை அவர் மிகவும் குறுக்கிவிட்டார்.

வரிசை நடனம் கண்ட்ரி இசைக்கு வெளியிலிருந்து வந்தது என்பது சரியே. எலக்ட்ரிக் ஸ்லைடு 1976-இல், டிஸ்கோ காலத்தில் ரிக் சில்வர் அமைத்தது. 1980-இல் ஹூஸ்டனுக்கு அருகே பசடீனாவில் இருந்த கில்லீஸ் அரங்கைக் களமாகக் கொண்டு அர்பன் கவ்பாய் திரைப்படம் வந்தபின், கண்ட்ரி அரங்குகளுக்கு நகரத்து இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். 1992-இல் பில்லி ரே சைரஸின் எய்க்கி ப்ரேக்கி ஹார்ட் பாடலுக்கு மெலனி க்ரீன்வுட் அமைத்த நடனம் உலகெங்கும் பரவியது. 1994-இல் கண்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில் வைல்ட்ஹார்ஸ் சலூன் பெரிய நடனத்தளத்தோடு திறக்கப்பட்டது. இவை எல்லாம் அண்மைக்கால நிகழ்வுகளே.

ஆனால் வெளியிலிருந்து வந்ததாலேயே ஒன்று கண்ட்ரி ஆகாது என்றால், கண்ட்ரி இசையில் எதுதான் எஞ்சும்? பான்ஜோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் இசைக்கருவி மரபிலிருந்து வந்தது. ஃபிடில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்தது. ஸ்டீல் கிதாரின் வேர் ஹவாயில் இருக்கிறது. 1925-இல் நாஷ்வில் வானொலியில் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியின் தொடக்கக்கால நட்சத்திரங்களுள் ஒருவர், ஹார்மோனிகா வாசித்த டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். 1941-இல் அவரை அந்நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொள்ள 2005 வரை ஆனது; அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. எது மரபு, யார் மரபுக்கு உரியவர் என்று அவசரமாக எல்லை போடும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

எண்ணிக்கை மட்டுமே ஓடும் என்ற கருத்தையும் ஏற்க இயலவில்லை. கற்கும் காலத்தில் அப்படித்தான். டூ-ஸ்டெப் கற்பவருக்கும் அதுவே நிலை. அசைவுகள் உடலில் படிந்தபின் எண்ணிக்கை மறைந்து, காது திறந்துவிடும். குழுவின் டிரம்மர் ஓர் அடியை நிறுத்தி விடும்போது ஐம்பது பேரின் குதிகால் அந்த மௌனத்தில் ஒன்றாகத் தரையில் விழுவதை ஒருமுறையேனும் கேட்டவர், ஆடுபவர்கள் இசையைக் கேட்கவில்லை என்று சொல்லமாட்டார்.

சிங்கை வாசகி

நான் டெக்சஸ் பக்கம் வந்ததில்லை. ஆயினும் இவ்விவாதத்தில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் சமூக மன்றங்களில் வரிசை நடன வகுப்புகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. என் தாயார் அறுபத்து நான்கு வயதில், அப்பா இறந்த மறு ஆண்டு, அண்டைவீட்டுச் சீன அம்மையாரின் வற்புறுத்தலால் அவ்வகுப்பில் சேர்ந்தார். அதற்கு முன் அம்மா எந்த நடனமும் ஆடியவர் அல்லர். இணை தேவைப்படும் நடனமாக இருந்திருந்தால் அவர் அந்தப் படியை ஏறியே இருக்கமாட்டார். யாரும் தன்னை அழைக்க வேண்டியதில்லை, யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை, வரிசையில் ஓர் இடம் இருந்தால் போதும் என்பதுதான் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. கணவரை இழந்தவர்கள், மணமாகாதவர்கள், கணவருக்கு ஆட்டத்தில் நாட்டமில்லாதவர்கள் என்று அவருடைய வகுப்பில் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்தாம். அம்மாவுக்குப் பாடல்களின் ஆங்கிலம் முழுமையாகப் புரிவதில்லை. ஆனால் ஸ்டீல் கிதார் இழையும்போது அழுவதுபோல் இருக்கிறது என்று சொல்வார்.

ஆஸ்டின் ஐயாவின் அரங்குகளுக்குத் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு, யாரேனும் வந்து அழைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு என்ன வழி இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பழைய அரங்கு ரசிகர், ஆஸ்டின்

சிங்கை அம்மையாரின் பதிவை நேற்று இரவே படித்தேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் மனைவியைச் சந்திப்பதற்கு முன்பு, சுவரோரம் இரவு முழுவதும் அமர்ந்திருந்துவிட்டு எழுந்துபோன பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அன்று நான் எண்ணவில்லை. புறம்பானது என்று நான் எழுதிய சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தள ஒழுங்கைப் பற்றிய என் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பயன்படும் வகையில் எழுதிவிடுகிறேன். தளத்தின் விளிம்பு, சுற்றிவரும் இணைகளுக்கு உரியது. வேகமாகச் செல்பவர்கள் வெளிப்புறமாகவும் மெதுவாகச் செல்பவர்கள் உட்புறமாகவும் போவார்கள். நடுப்பகுதி வரிசை நடனத்துக்கு. இரண்டும் ஒரே பாடலுக்கு ஒரே நேரத்தில் நடக்கலாம். நல்ல அரங்குகளில் நடக்கவும் செய்கிறது. நடனம் குலைந்துவிட்டால் ஓரத்தை நோக்கி ஓடாதீர்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நடுவிலேயே நின்று, பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்து அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். அல்லது இணைகள் கடந்துபோகும்வரை காத்திருந்து வெளியேறுங்கள். கையில் கோப்பையோடு தளத்துக்கு வரவே கூடாது. சிந்திய ஒரு துளி போதும், இன்னொருவர் இடுப்பு முறிவதற்கு. குழு வாசிக்கும்போது தளத்தின் நடுவில் நின்று பாடம் நடத்துவதும் வேண்டாம்.

காலணியையும் கவனியுங்கள். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும். உடல் திரும்பும்போது பாதம் திரும்பாமல் முழங்கால் முறுகும். தோல் அடிப்பாகம் உள்ள பூட்ஸ் இதற்காகத்தான்.

மிருதங்க மாணவன், ஹூஸ்டன்

டூ-ஸ்டெப் பற்றி ஒரு சிறு குறிப்பு. விரைவு, விரைவு, மெது, மெது என்று அதைக் கற்பிப்பார்கள். அடியாகச் சொன்னால் ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, மொத்தம் ஆறு. சொற்கட்டில் "த க தாம் தாம்" என்று வாயால் சொல்லிக்கொண்டு நடந்தால் எளிதில் பிடிபடும். இசை நான்கில் ஓட, கால் ஆறில் ஓடும். பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை இரண்டும் சேரும். எலக்ட்ரிக் ஸ்லைடு போலவே இதுவும் இசையின் மேல் மிதந்து செல்லும் நடனம்தான். இணைகளால் குழுவின் எந்த நீட்டலுக்கும் ஈடுகொடுக்க முடிவதன் காரணம் இதுவே.

மேடையில் நீட்டுவது எப்படி முடிவாகிறது என்பதையும் கவனித்துப் பாருங்கள். நாஷ்வில் எண் முறை என்ற ஒன்றைக் கண்ட்ரி இசைக்கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) பெயரைச் சொல்லாமல் 1, 4, 5 என்று எண்ணால் குறிப்பார்கள். நம் ச, ம, ப போன்றது. 1950-களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் பதிவரங்குகளில் பயன்படுத்தத் தொடங்கி, பின்னர் சார்லி மெக்காய் போன்ற இசைக்கலைஞர்களால் பரவியது. பாடகர் மேடையில் விரல்களைக் காட்டுவது அந்த எண்களைத்தான். அந்த விரல்களையும் தலையசைப்பையும் பார்த்துக்கொண்டிருந்தால், பாடல் முடியப்போகிறதா, இன்னொரு சுற்று உண்டா என்று நடனத்தளத்திலிருந்தே ஓரளவு கணிக்கலாம்.

வடக்கு டல்லாஸ் வாசி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இந்தச் சனிக்கிழமை மறுபடியும் ஸ்டாக்யார்ட்ஸ் போனோம். இம்முறை பில்லி பாப்ஸ் டெக்சஸ். மாட்டுக் கொட்டிலாக இருந்த கட்டடம், 1981 முதல் அரங்கு. நடனத்தளத்துக்கு மேலே கண்ணாடிச் சில்லுகள் பதித்த குதிரைச் சேணம் ஒன்று சுழல்கிறது. தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழு வாசிக்கத் தொடங்கியதும் நடுவில் இடம் பிடித்து எலக்ட்ரிக் ஸ்லைடு ஆடினோம். ஃபிடில்காரர் நீட்டினார், பிறகு ஸ்டீல் கிதார்காரரும் நீட்டினார். எங்கள் வரிசை குலையவில்லை. ஹூஸ்டன் நண்பர் சொன்ன ஒன்பது ஆவர்த்தனத்தை முதலில் விரலில் எண்ணிப் பார்த்தேன்; மேடையை நோக்கித் திரும்பிய கணத்தில் அடி சமத்தில் விழுந்தபோது மெய்சிலிர்த்தது. அதன்பின் எண்ணவே இல்லை. பாடகர் தலையசைப்பதைப் பார்த்து, முடிவு வரப்போகிறது என்று ஒருமுறை சரியாகவும் கணித்துவிட்டேன்.

இடைவேளைக்குப்பின் மெதுவான பாடல் ஒன்று வந்தபோது நாங்கள் ஓரத்துக்கு வந்துவிட்டோம். வயதான ஒரு பெண்மணி தங்கையிடம் வந்து, தன் கணவருக்கு முழங்கால் வலி, டூ-ஸ்டெப் ஆடத் துணை வருகிறாயா என்று கேட்டார். அவள் வாய்க்குள் த க தாம் தாம் என்று முணுமுணுத்துக்கொண்டே தளம் முழுவதும் இரண்டு முறை சுற்றிவந்தாள். யார் மீதும் மோதவில்லை.

அடுத்து க்ரீன் ஹால் போகலாம் என்று இருக்கிறோம். ஆஸ்டின் ஐயாவும் அவருடைய துணைவியாரும் வர இயலுமானால், எந்த மாதத்தில் அங்கே வெக்கை தாங்கும்படி இருக்கும் என்று சொன்னால் அதற்கேற்பத் தேதி குறித்துக்கொள்வோம்.

பழைய அரங்கு ரசிகர், ஆஸ்டின்

அவசியம் வருகிறோம் அம்மா. அக்டோபர் பிற்பாதி அல்லது நவம்பர் தொடக்கம் ஏற்றது. டல்லாஸிலிருந்து ஐ-35 சாலையில் ஆஸ்டினைக் கடக்க நேரம் பிடிக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை பகலிலேயே புறப்பட்டுவிடுங்கள். கவ்பாய் பூகியை என் மனைவிக்குச் சொல்லித் தர வேண்டும். கற்க வேண்டும் என்று கேட்பவர் அவர்தான்.